போதனாசிரியரின் வெங்காயம்

வட்டுக்கோட்டையில் எங்கள் தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் வரும் விவசாயப் போதனாசிரியர் மெலிந்த மனிதர். அரசாங்கக் கடிதம் வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரம்பில் நின்று உரத்து வாசிப்பார். ஒருமுறை யூரியா போடச் சொன்னார். பிறகு ரசாயனப் பசளையே கூடாது என்றார். அடுத்த கடிதத்தில், அதே பசளையை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது என்றார்.

“சேர், மூண்டு கதையும் நீங்கள்தானே சொன்னனீங்கள்?” என்றேன்.

“ஓம் அண்ணை, மூண்டுக்கும் உங்களிட்டைக் கையெழுத்தும் வாங்கினனான்!” விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, என் பாத்திகளைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணை, என்ரை வீட்டு வெங்காயம் மஞ்சளாப் போகுது. என்ன போடுறது?”

புதிய கடிதம் வந்தால் எங்களுக்கு இப்போது பயமில்லை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றும்வரை காத்திருப்போம்.