ஆர் படிப்பிச்சது?

கந்தப்பளையின் கடைசிக் கடையைத் தாண்டி நுவரெலியா பாதையில் நடந்துகொண்டிருந்தபோது தங்கை பின்னால் ஓடி வந்தாள். எனக்கு அப்போது வயது பத்து. பள்ளிக்கூடத்தின் பின்கதவால் வெளியே வந்ததிலிருந்து திரும்பிப் பார்க்காமல் நடந்திருந்தேன். நான் தொலைந்து போனால் பள்ளிக்கூடம் பிழைத்துக்கொள்ளும் என்பது என் முடிவு. அதனால் கால்களில் தயக்கம் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடம் மாதா கோவிலை ஒட்டிய ஒரு நீள அறை. நாலு மூலையில் நாலு வகுப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே மாஸ்டர். வீட்டில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்து இங்கே மாதாவுக்குச் செபம் சொல்வோம். இதில் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு மட்டும் கிடையாது. நாலு முடித்தவன் மறுநாள் தேயிலை மலைக்குப் புல்லு வெட்டப் போவான். அந்த வருடம் மாதா கோவில் சாமியார் ஐந்தாம் வகுப்பு கேட்டு எழுதிப் போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, படிப்பு தரமாக இருக்கிறது என்று எழுதினால் கிடைக்கும்.

மாஸ்டர் ஒரு வாரம் எங்களைத் தேய்த்து எடுத்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். ஒன்னத்தான்டா சொல்றேன், வாயாடி" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசிய தமிழில் பாதிதான் எங்களுக்குப் பிடிபட்டது. சின்ன வகுப்புகள் பாடத்தை ஒப்பிக்க, அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார். பிறகு எங்கள் மூலைக்கு வந்து என்னைக் காட்டினார்.

"அரையும் அரையும் எவ்வளவு?"

"ரெண்டு நாளுங்க."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதுதான் சரி. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் 'அரைப்பேர்'தான் விழும்.

"எப்பிடியடா தம்பி ரெண்டு நாள்?"

"எங்கம்மாவுக்குத் திங்கக்கெழம அரைப்பேருங்க, செவ்வாக்கெழமயும் அரைப்பேருங்க. ரெண்டு நாளும் விடியறதுக்கு முந்தி போயி பொழுது சாயத்தான் வந்துச்சு. சம்பளத்துக்கு ஒண்ணுங்க, அம்மாவுக்கு ரெண்டு நாளுங்க."

அவர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கொப்பியில் வெகுநேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "உன்னை ஆர் படிப்பிச்சது?"

இது எனக்குத் தெரிந்த கேள்வி. அதற்கு முந்தின மாதம்தான் என் தாய்மாமன் இதே அரைப்பேர் விஷயத்தைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டிருந்தார். கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் ஒனக்கு யாருடா படிச்சுக் குடுத்தது?" என்றார். அடுத்த வாரம் மாமாவுக்கும், மாமா பெயர் சொன்ன ஆளுக்கும் தோட்டத்தில் வேலை இல்லை.

எனவே திடமாகச் சொன்னேன். "மாஸ்டர் இல்லீங்க. அவரு எனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலீங்க. நானாத்தாங்க."

மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிற்று. இன்ஸ்பெக்டரின் பேனாவும் நின்றது. அந்த நேரம் சாமியார் உள்ளே வர, எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் நழுவிவிட்டேன்.

"அண்ணே, நில்லுண்ணே!" தங்கைக்கு மூச்சு வாங்கியது. "மாஸ்டர் ஒன்னத் தேடுறாரு. இன்ஸ்பெக்டர் ஐயா இன்னும் போகல. ஒன்னக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு."

"இன்ஸ்பெக்டர் கோவமா இருக்காரா?"

"இல்ல. சிரிச்சுக்கிட்டு இருக்காரு."

"கணக்கப்பிள்ளையும் சிரிச்சாரு. நான் வரமாட்டேன். ஆள் ஆப்புடலன்னு சொல்லிரு."

"பைத்தியமா ஒனக்கு? அம்மாக்கிட்ட என்ன சொல்றது?"

"ஒனக்கு அஞ்சாம் வகுப்பு வரும்னு சொல்லு."

அவள் என்மேல் ஒரு கல்லை விட்டெறிந்துவிட்டு அழுதுகொண்டே திரும்பினாள். குறி தப்பியது.

மறு வருடம் ஐந்தாம் வகுப்பு வந்தது. தங்கை படித்தாள். நான் விலகியதால்தான் வந்தது என்று நெடுங்காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எங்கெங்கோ சுற்றி யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில் ஒன்றில் வேலைக்கு நின்றபோது, பத்திரிகையைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டிய ஒரு சிறுமியைப் பார்த்து ஒரு கிழவர், "பிள்ளையை ஆர் படிப்பிச்சது?" என்று கேட்டார். சிறுமி தன் வாத்தியாரின் பெயரைச் சொல்ல, கிழவர், "கெட்டிக்காரன்!" என்றார். நான் புகையிலையைக் கீழே வைத்துவிட்டேன்.

இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. மறுநாள் காலை நுவரெலியா மரக்கறிச் சந்தையில் ஒரு முதலாளியின் முன்னால் நின்றேன். மூட்டை எண்ணி எழுத அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

மாஸ்டரைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று, "தெரியாதுங்க" என்றேன்.

அவர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். நான் கேரட் கழுவ உட்கார்ந்தேன்.