ஐந்து மணி மூட்டம்

1. ஏறிப் போனது

எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதக் காலையில், ராசிபுரத்துக்குக் கிழக்கே உள்ள மலைக்குத் தீக்காவல் வேலைக்கு ஏறினேன். தோளில் அரிசி மூட்டை, கையில் மண்ணெண்ணெய் டின். முன்னால் ஃபாரஸ்ட் கார்டு கந்தசாமி அண்ணன். அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நாலு மணி நேரம் ஏற வேண்டும். பாதி வழியில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் முகாம். தீயணைக்கிற ஆட்கள் நாலு பேர் அங்கே இருப்பார்கள். அதுவரைக்கும் மர நிழல் உண்டு. அதற்கு மேலே ஆள் உயரப் புல்லும் பாறையும்தான்.

உச்சியில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் டவர். நாலு பக்கமும் நாலு ஜன்னல். மணிக்கு ஒரு தடவை நாலிலும் நின்று பைனாகுலரில் பார்க்க வேண்டும். பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். மலையில் புகை கண்டால் வெளியே தொங்குகிற தண்டவாளத் துண்டில் அடிக்க வேண்டும். முகாம் ஆட்கள் சத்தம் கேட்டு ஓடி வருவார்கள்.

"ஊருப் பொகையெல்லாம் கணக்கில்ல சாமி. மலையில வர்ற பொகைதான் நம்முளுது," என்றார் அண்ணன். "மாத்தாளு வராம எறங்கீராத." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே அழுகை வந்துவிட்டது. இருபத்தாறு வயசு ஆம்பளை, கல்யாணமாகி நாலு வயசில் பெண் குழந்தை உள்ளவன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. எட்டு நாளைக்கு ஒரு தடவை அண்ணன் அரிசி கொண்டு வருவார். நடுவில் பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது.

2. நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு

மேற்கு ஜன்னலில் நின்றால் தெளிவான நாளில் சங்ககிரி மலைகூடத் தெரியும். எனக்கு அதெல்லாம் எதற்கு? அடிவாரத்தில் எங்கள் ஊர் தெரியும், அது போதும். சாயங்காலம் மாட்டுக் கட்டுத்தறியில் கொசு வராமல் இருக்க ஈரக் கரும்புச் சோகையைப் போட்டுப் புகைமூட்டம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரே ஆறு மணிக்கு மேல்தான் போடும். என் மனைவி பாவாயியிடம், "நீ மட்டும் அஞ்சு மணிக்கே போடு, நல்லா இருக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கறேன்," என்று சொல்லி வந்திருந்தேன்.

தினமும் போட்டாள். ஐந்து மணிக்கு ஒற்றை வெள்ளைப் புகை எழும்பும். அதைப் பார்த்த பிறகுதான் அடுப்புப் பற்றவைப்பேன். நாளாக ஆக நாலரைக்கே மேற்கு ஜன்னலுக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். அதோடு இன்னொரு கெட்ட பழக்கமும் வந்தது. ஐந்து மணிக்கு எழுத வேண்டியதை நாலரைக்கே நாலு பக்கத்துக்கும் சேர்த்து எழுதி வைத்துவிடுவேன்.

3. மூட்டம் வராத நாள்

பங்குனியில் அரிசி கொண்டு வந்த அண்ணன், "பாப்பாளுக்குக் காய்ச்சலாமப்பா. பயப்படாத, பாவாயி பாத்துக்குவா," என்றார். மறுநாள் ஐந்து மணிக்குப் புகை வரவில்லை. ஐந்தேகாலுக்கும் வரவில்லை. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். ஆறு மணிக்கு ஊரில் மற்ற வீட்டு மூட்டமெல்லாம் கிளம்பிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

அப்போதுதான் மூக்கில் நெடி ஏறியது. திரும்பினால், கிழக்குச் சரிவு முழுக்கப் புகை.

அடித்தேன். கை மரத்துப் போகிற வரைக்கும் தண்டவாளத்தில் அடித்தேன். முகாம் ஆட்கள் ஓடினார்கள். தீ அடங்க ராத்திரி ஆகிவிட்டது. பாதிச் சரிவு போய்விட்டது.

காலையில் கந்தசாமி அண்ணன் ஏறி வந்தார். தீப்புண்ணுக்கு இரண்டு கையிலும் வாழையிலை வைத்துக் கட்டியிருந்தது. உட்காரக்கூட இல்லை. நோட்டை விரிக்கச் சொல்லிப் பார்த்தார்.

"அஞ்சு மணி, கெழக்கே பொகை இல்லைன்னு எழுதியிருக்கற."

"ஆமாங்கண்ணா."

"அஞ்சு மணிக்கு நான் ரோந்து வந்த எடத்துல அந்தப் பொகைக்குள்ள நின்னுட்டு இருந்தேன் சாமி. தழையை ஒடிச்சு ஒத்தையாளா தீயை அடிச்சிட்டிருந்தேன். இப்ப தண்டவாளத்துல அடிப்பான், இப்ப அடிப்பான்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். "ரேஞ்சருக்கு எழுதிப் போடறது என்ற வேலையில்ல. நோட்டுல நீயே எழுது," என்றார். அந்த வரிக்குக் கீழே, 'பார்க்காமல் எழுதியது' என்று என் கையாலேயே எழுதினேன்.

ரேஞ்சர் அந்தக் கோடைக்கு என்னை டவரிலிருந்து இறக்கிவிட்டார். தீத்தடுப்புக் கோட்டில் புல் வெட்டினேன். அண்ணனின் விரல்கள் ஆறின, ஆனால் இடது கை முழுசாக மடங்கவே இல்லை.

வீட்டில் குழந்தை நன்றாக இருந்தாள். "ஆசுபத்திரியில கெடந்தோமுங்க. ஊட்டுல மூட்டம் போட ஆரு இருக்கறா?" என்றாள் பாவாயி. அவ்வளவுதான் விஷயம்.

4. அடுத்த கோடை

மறு வருஷம் திரும்பவும் என்னையே டவருக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது பாவாயியிடம், "இனிமேல் அஞ்சு மணிக்குப் போட வேண்டாம்," என்றேன்.

"ஏனுங்க, நீங்க அங்க ஒத்தையில இருக்கறது எனக்குத் தெரியுமுங்க," என்றாள். "நான் இங்க ஒத்தையில இருக்கறது உங்களுக்குத் தெரியோணுமல்லோ?"

அதுவரை ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை. "செரி, போடு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் மனசு எந்த ஜன்னலில் இருக்கிறதோ அதைக் கடைசியில் வையுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு ஆறு கோடை அங்கே இருந்தேன். ஐந்து மணிக்குக் கிழக்கு, தெற்கு, வடக்கு மூன்றையும் நின்று பார்த்து எழுதிவிட்டுத்தான் மேற்கே போவேன். சில நாள் அதற்குள் மூட்டம் காற்றில் கலைந்து போயிருக்கும். ஊரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பேன். அவள் போட்டிருப்பாள். நான்தான் பிந்திவிட்டேன்.