கிடுகு மூடிய போத்தல்கள்

அன்று நான் "ஓம் அக்கா" என்று சொல்லாமல் இருந்திருந்தால், பக்கத்துக் கொட்டிலின் பிள்ளை இன்று உயிரோடு இருந்திருக்குமா? நாலு வருடமாகியும் பதில் தெரியவில்லை. தகரத்தின் மேல் ஒரு போத்தல் மினுங்கினால் போதும், அந்தக் கேள்வி வந்துவிடும்.

போரால் இடம்பெயர்ந்து வந்து ஸ்கந்தபுரத்தில் கொட்டில் போட்டிருந்தோம். மகளுக்கு ஒன்பது மாதம். எல்லோருக்கும் ஒரே கிணறு. வயிற்றோட்டம் கொட்டில் கொட்டிலாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. குளோரின் கிடைக்கவில்லை, விறகுக்குக் காட்டுக்குள் போகப் பயம். அப்போதுதான் பிரசவம் பார்க்கச் சைக்கிளில் வரும் மருத்துவமாது நிறமில்லாத போத்தல்களைக் கழுவி, தெளிந்த தண்ணீர் நிரப்பித் தகரத்தில் படுக்கவைத்தார்.

"காலமை வைச்சுப் பின்னேரம் எடுங்கோ. கிருமியைக் கொல்லுறது சூடில்லை பிள்ளை, வெளிச்சம். அது போத்தலுக்குள்ளை போகவேணும்."

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்த எனக்கு அது விளங்கியது. ஆனால் மேலே, நாங்கள் வண்டு என்று சொல்லும் வேவு விமானம் இரைந்துகொண்டே இருந்தது. மினுங்குகிற போத்தலைக் கண்டு குண்டு போட்டால்? இரண்டாம் நாளே தென்னோலைக் கிடுகால் மூடிவிட்டேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறியிருந்த பக்கத்துக் கொட்டில்காரி சிரித்தாள். "மேல பறக்கிறவனுக்கு நம்ம தண்ணி எதுக்குங்க? தாகமா அவனுக்கு?" அவள் தன் போத்தல்களை மூடவில்லை.

ஐந்தாம் நாள் என் மகளுக்கு வயிற்றோட்டம். கண் குழிந்துபோனது. மருத்துவமாது மடியில் வைத்து, உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் கரண்டியால் பருக்கிக்கொண்டே கேட்டார்.

"தண்ணியை வெயிலிலைதானே வைச்சனீர்?"

"ஓம் அக்கா."

கிடுகு வாசலிலேயே கிடந்தது. அவர் பார்க்கவில்லை.

"அப்ப கிருமியைக் கொல்ல வெயில் காணாதுபோல. நான்தான் சனத்தைப் பிழையா நடத்திப்போட்டன்."

அன்றே கொட்டில் கொட்டிலாகப் போய்ப் போத்தல்களை இறக்கச் சொன்னார். பக்கத்துக் கொட்டில்காரியும் இறக்கினாள். கொதிக்கவைக்க அவளிடம் விறகில்லை; கிணற்றுத் தண்ணீரை அப்படியே கொடுத்தாள். மூன்று நாள் நல்ல வெயில் எறித்தது. நாலாம் நாள் மழை தொடங்கியது. அந்த வாரமே அவளுடைய பிள்ளை வயிற்றோட்டத்தில் போய்விட்டது. என் மகள் பிழைத்தாள்.

மழையில் வெயில் வைத்தியமும் சரிவந்திருக்காது என்று என்னையே தேற்றிப் பார்ப்பேன். பிறகு அந்த மூன்று நாள் நினைவுக்கு வரும்.

வெளிச்சம் பட்டதும் கிருமியைக் கொல்லும் பூச்சு ஒன்றைப் பற்றிப் போன வாரம் பத்திரிகையில் படித்தேன். பூச்சு இல்லாமலே வெயில் வெளிச்சம் போத்தல் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் என்றும் அதில் இருந்தது. அப்படியென்றால் அவர் சொன்னது சரிதான். என் இரண்டாவது குழந்தையை நிறுக்க இன்றும் அதே மருத்துவமாதுதான் வருகிறார். "கொதிக்கவைச்சே குடும் பிள்ளை. முதல் அஞ்சு நாளும் வெயிலை நம்பச் சொல்லி ஒரு பிள்ளையைக் கொன்றுபோட்டன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுகிறார். நான் தலையாட்டுகிறேன்.

உண்மையைச் சொன்னால் அவருடைய அந்தப் பாரம் இறங்கும். ஆனால் வேலைசெய்த ஒன்றைத் தானே நிறுத்திய பாரம் ஏறாதா? வெள்ளிக்கிழமை அவர் வருவார். இன்று தகரத்தில் ஒரு போத்தலைத் திறந்தவெளியில் வைத்திருக்கிறேன், வண்டு இரைகிறது, கை கிடுகைத் தேடுகிறது. வாசிப்பவர்களே, அவரிடம் நான் சொல்லத்தான் வேண்டுமா? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.