நேராக வரும் மரக்கத்தி

1. மேஜைமேல் கிடந்தது

கொடைக்கானலில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். அன்று காலை என் பையனை அட்டுவம்பட்டியில் பக்கத்து வீட்டு மரியம்மா அக்காவிடம் விட்டபோது அவனுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. உண்மையிலேயே சுட்டதா, என் கைதான் பனியில் குளிர்ந்திருந்ததா என்று பள்ளிக்கூடம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். கேட்டுக்குள் நுழைந்ததும் பியூன் எதிரே வந்தார்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஒங்கள வெரசா வரச் சொன்னாங்க டீச்சர். பழனியில இருந்து கோமதியோட அப்பா வந்திருக்காரு. மொகமே சரியில்ல."

அறைக்குள் போனேன். மேஜையின் நடுவில் எங்கள் ஜூடோ வகுப்பு மரக்கத்தி ஒன்று கிடந்தது. கோமதி போன லீவுக்குப் போகும்போது என்னிடம் கேட்டுத்தான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள்; திரும்பி வந்தபோது கொண்டுவரவில்லை. கொடுத்தவள் நான்.

கோமதியின் அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பித்தளைப் பாத்திரக் கடை. ஆள் தாட்டியானவர். அண்டாவைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள். பேச்சு மட்டும் மெதுவாக வந்தது.

"உக்காருங்க டீச்சரம்மா. வெள்ளனே வத்தலக்குண்டு வந்து மொத பஸ்ஸ புடிச்சு ஏறி வந்திருக்கேன். சோலிய எல்லாம் கடைப் பையன்கிட்ட விட்டுட்டு. பொம்பளப் புள்ளைய மலைக்கு அனுப்புனது படிக்கத்தான். அவ வீட்டுக்கு வந்து சின்னப் பயலுகள இத எடுக்கச் சொல்லி, என்னையக் குத்துங்கடான்னு முத்தத்துல நிக்கிறா. எங்கக்கா பாத்துட்டு மூணு வேளை சாப்பிடல. எங்க பாத்தாலும் இதே பேச்சா கெடக்கு. நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் வந்திருக்கேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அவரைக் காப்பி சாப்பிட விருந்தினர் அறைக்கு அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எஸ்தர், அவர் ஒருத்தர் போனா பழனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் போயிடுவாங்க. அப்புறம் உங்க ஜூடோ கிளாஸை நானே நினைச்சாலும் காப்பாத்த முடியாது. ஒண்ணு சொல்றேன். கத்தியை மட்டும் விட்டுருங்க. தூக்கிப் போடுறது, விழுறது எல்லாம் நடக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் என் வாய் வேறொன்றைச் சொன்னது. "மூணாவது பீரியட் கோமதி கிளாஸ்தான் அம்மா. அவர் அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்."

அவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, ஒரு பீரியட். அதுக்கு மேல நான் வாதாட மாட்டேன்" என்றார்.

2. ஜூடோவில் கத்தி ஏது?

இதைப் படிக்கும் பயிற்சி மாணவிகளுக்கும் இதே கேள்வி இருக்கும். எனக்கும் இருந்தது. ஜூடோ என்றால் வெறுங்கையால் ஆளைத் தூக்கிப் போடுவது என்றுதான் டிரெயினிங்கில் ஒரு வரி படித்திருந்தேன்.

எனக்கு ஜூடோ கற்றுத் தந்தவர் மிஸ் ஆக்னஸ். எங்கள் பள்ளியில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். அதற்கு முன்னால் ஜப்பானில் பல வருடங்கள் இருந்தவர். முதல் நாளே ஒரு துணி மூட்டையைப் பிரித்து மரவாள் ஒன்றும் மரக்கத்தி ஒன்றும் எடுத்து வைத்தார். நான் விழித்ததைப் பார்த்து விளக்கினார்.

ஜூடோவை உருவாக்கியவர் முதலில் படித்தது போர்வீரர்களின் பழைய மல்வித்தைகளை. எதிரியின் இடுப்பில் கத்தி இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அவற்றில் ஒவ்வோர் அடியும் எடுத்து வைப்பார்கள். அந்த அறிவு போய்விடக் கூடாது என்று அவர் கத்தியையும் வாளையும் 'காத்தா'வுக்குள் வைத்தார். காத்தா என்பது இரண்டு பேர் முன்பே தெரிந்த வரிசையில் செய்யும் முறைப்பயிற்சி. தாக்க வருபவர் உகே. தடுத்து மடக்குபவர் தோரி. மண்டியிட்டு எதிரெதிரே உட்கார்ந்தபடி உகே வயிற்றுக்கு நேரே கத்தியால் குத்துவார், நின்றபடி குத்துவார், தலைக்கு மேலே வாளை ஓங்குவார். தோரி ஒவ்வொன்றுக்கும் விலகி, மடக்கி முடிக்க வேண்டும்.

பிறகு போட்டிகள் பெருகின. போட்டியில் கத்தி கிடையாது, குத்துவதும் கிடையாது. எதிராளியைப் போட்டால் பாயின்ட். ஆகவே பரிசுக்குப் படிப்பவர்கள் கத்தியை மூலையில் வைத்துவிட்டார்கள். ஆனால் மிஸ் ஆக்னஸ் படித்த காலத்தில் அங்கே பெண்களைப் போட்டிக்கு விடமாட்டார்களாம். பெண்கள் பிரிவில் காத்தாவுக்குத்தான் அதிக நேரம். "அவர்கள் எங்களுக்குக் கோப்பை தரவில்லை. அதனால் எங்களுக்கு இது மிஞ்சியது" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருக்காது.

முதல் பாடத்தில் நான்தான் உகே. அவரைக் குத்தினேன். அவர் புத்தகத் தமிழில் சொன்னார்: "எஸ்தர், நீங்கள் என்னை அன்பாகக் குத்துகிறீர்கள். அது வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு முதன்முதலில் மரக்கத்தியைக் கொடுத்த அன்று, ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு அதைக் கைமாற்றச் சொன்னார். யாரும் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்தார்கள், மற்றவள் எடுத்துக்கொண்டாள். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விளக்கியதும் மிஸ் ஆக்னஸுக்கு அத்தனை சந்தோஷம். காத்தாவிலும் ஆயுதத்தைத் தரையில்தான் வைப்பார்கள், கூர்ப்பக்கம் வைப்பவரை நோக்கி இருக்க வேண்டும் என்றார். "பாதிப் பாடம் இவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கிறது."

3. பக்கத்து வீட்டுக்குப் போன கத்தி

மிஸ் ஆக்னஸ் போன பிறகு வகுப்பு என் பொறுப்புக்கு வந்தது. வைக்கோல் திணித்த சாக்குகள்மேல் ஜமக்காளம் விரித்த தரை. மழைக்காலத்தில் சாக்குக்குள் ஈரம் ஏறிவிடும். வெயில் எட்டிப் பார்த்தால் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் சேர்ந்து வெளியே இழுத்துப் போட்டுக் காயவைப்போம். காடாத் துணியை இரண்டாக மடித்துத் தைத்த கோட்டு, பைஜாமா. இவ்வளவுதான் எங்கள் சொத்து.

பிள்ளைகள் கத்திக் காத்தாவை அழகாகச் செய்தார்கள். நான் 'குட், குட்' என்று சொல்லிக்கொண்டே நடப்பேன். ஒருநாள் கோமதியை அவள் தோழி லில்லி குத்த வந்தாள். கோமதி விலகவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கத்தி அவள் விலாவைத் தாண்டிக் காற்றில் போய் நின்றது.

"டீச்சர், நான் நகரவே இல்ல. இவ குத்துறது பக்கத்து வீட்டுக்குப் போகுது."

லில்லிக்கு முகம் சிவந்துவிட்டது. "அவளுக்கு வலிக்கும்ல, டீச்சர்?"

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஜோடி ஜோடியாக வரச் சொல்லி, தோரி அசையக் கூடாது என்றேன். ஏறக்குறைய எல்லாக் கத்திகளும் வலப்பக்கமும் இடப்பக்கமுமாகப் போயின. எல்லோரும் நல்ல பிள்ளைகள். தோழியின் மேல் படக்கூடாது என்று ஒவ்வொருத்தியும் கையைக் கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறாள். தோழியோ, எப்படியும் தன்மேல் வராத கத்திக்கு ஒரு டெர்ம் முழுக்க அழகாக விலகக் கற்றிருக்கிறாள். நிஜமாக ஒருவன் நேரே வந்தால் இந்த அழகு எதற்கு ஆகும்?

மிஸ் ஆக்னஸ் ஏன் சிரிக்கவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

அப்புறம் நாங்கள் முதலிலிருந்து தொடங்கினோம். தோரி அசையாமல் நிற்பாள். உகே மெதுவாக வந்து, கத்தி முனையால் அவள் நெஞ்சுக்குக் கீழே கோட்டுத் துணியைத் தொட வேண்டும். தொட்டால்தான் அது குத்து. தொடப் பழகிய பிறகுதான் தோரி விலகலாம், வேகத்தையும் கூட்டலாம். கூடவே ஒரு விதியும் வைத்தேன்: பொய்க்குத்துக்கு யாரும் அசையக் கூடாது. சீக்கிரமே அது கேலியாகவும் ஆகிவிட்டது. விடுதிச் சாப்பாட்டு அறையில் ஒருத்தி குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றினால்கூட, "ஏ, பக்கத்து வீடு" என்று மேஜை முழுக்கச் சிரிக்கும்.

4. மூன்றாம் பீரியட்

கோமதியின் அப்பா சுவரோரம் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. பிள்ளைகள் வணங்கி, வரிசையாக விழுந்து பழகி, ஜோடி ஜோடியாக மரக்கத்தி காத்தாவைச் செய்தார்கள். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் அவர் முகம் மாறவில்லை.

"நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. எல்லாம் சொல்லி வச்சுச் செய்யிறதுதானே. கூத்துல குத்துற மாதிரி. இதுக்கா எம்புள்ள கத்தியப் புடிக்கணும்?"

"நீங்களே குத்திப் பாருங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது காதில் விழுந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என் பக்கம் திரும்பினார். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கோமதியின் அப்பா பையைப் பெஞ்சில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கோமதி மரக்கத்தியை ஜமக்காளத்தின்மேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். அவர் எடுத்துக்கொண்டார்.

"எங்க குத்தணும்த்தா?"

"நெஞ்சுக்குக் கீழே, அப்பா. ஒங்க இஷ்டத்துக்கு வாங்க."

குத்தினார். கோமதி அசையவில்லை. கத்தி அவள் தோளுக்கு வெளியே போயிற்று. அவர் பின்வாங்கி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை வேகம் கூட. கோமதி இமைக்கக்கூட இல்லை. கத்தி மறுபக்கமாகப் போயிற்று.

"என்னத்தா, மரம் மாதிரி நிக்கிற? இதான் மலையில படிச்ச படிப்பா?"

"பக்கத்து வீட்டுக்குப் போகுதுப்பா."

பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவருக்கு அந்தச் சொல்லின் கதை தெரியாது, ஆனால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. காது மடல் சிவந்தது. கத்தியைப் பிடித்த பிடி மாறியது. அண்டா தூக்கும் கை. பதினாலு வயதுப் பிள்ளை. மரமானாலும் விலா எலும்பு தாங்குமா? 'போதும்' என்று நடுவில் போய் நிற்கலாமா என்று கால் துடித்தது. நின்றால் அவள் கற்றதை நானே நம்பவில்லை என்று ஆகிவிடும். நிற்காமல் அவளுக்கு அடிபட்டுவிட்டால்? இரண்டுக்கும் நடுவில் நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மூன்றாவது குத்து நேராக வந்தது.

கோமதி இடது காலில் திரும்பினாள். அவள் இருந்த இடத்தில் அவர் கை மட்டும் இருந்தது. அவளுடைய இடது கை அவர் முழங்கையைத் தள்ளியது, வலது கை மணிக்கட்டைப் பிடித்தது, உடம்போடு சேர்த்து நீட்டி அழுத்தினாள். கத்தி விழுந்தது. அவர் ஒற்றை முழங்காலில் ஜமக்காளத்தில் இருந்தார். அவர் ஏதாவது சொல்லும் முன்பே அவள் கையை விட்டுவிட்டாள்.

பிறகு கத்தியை எடுத்து, அவருக்கு முன்னால் மண்டியிட்டு, கூர்ப்பக்கம் தன்னைப் பார்க்கும்படி தரையில் வைத்தாள். வணங்கிவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தாள்.

அவர் முழங்கையைத் தடவிக்கொண்டு அந்தக் கத்தியையே பார்த்தார்.

"மொத ரெண்டுக்கும் ஏன்த்தா நகரல?"

"அது என் மேல வரலப்பா."

"அப்பன் குத்த மாட்டான்னு தைரியமா?"

"இல்ல. நான் ஒங்க மொகத்தப் பாக்கல. கத்தியும் கையும் எங்க வருதுன்னுதான் பாத்தேன்."

அவர் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார். என்னிடம் வந்தார். "நெசமாவே வலிக்கிது டீச்சரம்மா" என்றார். அது புகார் இல்லை என்பது குரலில் தெரிந்தது. "வீட்டுல சொன்னத மறக்கல பாத்தீங்களா. கத்தியக் கையில குடுக்காம கீழ வச்சா." பெஞ்சிலிருந்த பையை எடுத்துக்கொண்டே, "எங்கக்காகிட்டதான் என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார்.

"அத்தையையும் ஒரு தடவ கூட்டிட்டு வாங்கப்பா" என்றாள் கோமதி.

மத்தியான பஸ்ஸுக்கு அவர் தனியாகத்தான் போனார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வராந்தாவில் என்னைக் கடக்கும்போது, "கத்தி இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். நான் அட்டுவம்பட்டிக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தால், பையன் மரியம்மா அக்காவின் கோழிகளைத் துரத்திக்கொண்டிருந்தான். காய்ச்சல் என்று ஒன்றும் இல்லை.

5. துணி மூட்டை

அடுத்த டெர்ம் தொடக்கத்தில் கோமதியைக் கொண்டுவிட வந்தபோது அவர் ஒரு துணி மூட்டையோடு வந்தார். நான் வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போனார்.

"எடுத்துக்கங்க டீச்சரம்மா."

பிரித்தேன். வகுப்புக்கே போதுமான மரக்கத்திகள். கடைக்குப் பக்கத்தில் பூரிக்கட்டை கடைபவரிடம் சொல்லிச் செய்தவையாம். சிராய் இல்லாமல் வழவழவென்று, முனை மழுங்கி, பிடியில் தொங்கவிட நூல் கோத்து இருந்தன. அக்காவிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஒலிம்பிக்கிலேயே ஜூடோ சேர்ந்துவிட்டது. உங்களை எல்லோரும் மெடலைப் பற்றித்தான் கேட்பார்கள். கத்திக் காத்தாவுக்கு மெடல் இல்லை. ஆனால் எங்கே நின்றால் எட்டும், எங்கே நின்றால் எட்டாது, எது நேராக வருகிறது, எது வராது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதைக் கற்றுத் தரும்போது பிள்ளைகள்மேல் இரக்கப்பட்டுக் கையை ஒதுக்காதீர்கள். மெதுவாகக் குத்தலாம். பொய்யாகக் குத்தக் கூடாது. பிரியத்தினால் ஒதுக்கும் கை, அந்தப் பிள்ளையை நிஜமான கத்திக்கு முன்னால் தனியாக விட்டுவிடும்.

என் பையன் இப்போது வீடு முழுக்க ஓடுகிறான். முன்பு அரிவாள்மனையைப் பரண்மேல் ஒளித்து வைப்பேன். இப்போது அவனை எதிரில் உட்காரவைத்து, இது வெட்டும், இங்கே கை வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டே பூண்டி கிராமத்துக் காரட்டை நறுக்குகிறேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறான். நறுக்கி முடித்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று அவன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.