குடக்கூலிக்காரி

கலைவாணி கிரேக்க வரலாறு நடத்த ஆரம்பித்தால் பக்கத்து வகுப்பில் பொருளாதாரம் ஓடாது. அந்தப் பொருளாதார வகுப்பு என்னுடையது. நடுவில் ஆளுயரப் பலகைத் தடுப்பு மட்டும்தான். வீராம்பட்டினத்தில் மீன் விற்று வளர்ந்த என் குரலையே அவள் குரல் அமுக்கிவிடும். பதினெட்டு வருடம் அதைத் திட்டிக்கொண்டே கேட்டேன்.

பழைய ஏதென்ஸ் நகரத்தில் 'மெட்டிக்' என்று ஒரு கூட்டம் இருந்ததாம். வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள், அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள். வரி கட்டலாம், போருக்குப் போகலாம். ஆனால் வாக்கு கிடையாது, சொந்தமாக வீடு வாங்க முடியாது. உள்ளூர்க் குடிமகன் ஒருவன் 'இவன் எனக்குத் தெரிந்தவன்' என்று முன்னால் நிற்க வேண்டும். செத்தால் கல்லறையில் பூர்வீக ஊரைத்தான் பொறிப்பார்களாம். பாடக்குறிப்பில் 'அயற்குடியினர்' என்று இருந்ததை அடித்துவிட்டு, "குடக்கூலிக்காரங்கன்னு எழுதிக்கோங்க" என்பாள் கலைவாணி. வகுப்பே சிரிக்கும். வாடகைக்கு எங்கள் பக்கம் அதுதானே பெயர்.

அவளே குடக்கூலிக்காரிதான். முத்தியால்பேட்டையில் என் வீட்டு மாடியில் இருந்தாள்.

பிறந்தது கோரிமேட்டு ஆஸ்பத்திரியில். வளர்ந்தது, படித்தது எல்லாம் புதுச்சேரி டவுனுக்குள், வீடு மாற்றி வீடு மாற்றி. அவள் அப்பா கலியமூர்த்திக்குத் தமிழ்நாட்டு எல்லைக்குள், வானூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. ரேஷன் கார்டில் பேரை வெட்டினால் ஊரே விட்டுப்போய்விடும் என்று பயந்து, குடும்பத்தையே காகிதத்தில் அங்கே விட்டுவைத்தார். நிலம் கைமாறிப் போனது, பேர் மட்டும் அங்கேயே கிடந்தது. "தெருக்கோடி சொல்தா வீட்டம்மா இங்க பொறந்து பிரான்சுக்கு ஓட்டுப் போடுது, நான் இங்க பொறந்து வானூருக்குப் போடறேன்" என்று சிரிப்பாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு எங்கள் ஊரில் சொல்தா என்று பெயர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரியில் அவள் வேலைக்குப் பெயர் கெஸ்ட் லெக்சரர். பதினெட்டு வருடமாக ஒருத்தி விருந்தாளியாகவே இருந்ததை என்னவென்று சொல்ல!

ஆறு வருடத்துக்கு முன்னால் நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வந்தது. குடியிருப்புச் சான்றிதழ் கேட்டார்கள். மின்கட்டண ரசீது முதல் எல்லாமே என் பெயரில்தான் இருந்தன. அவளுக்கென்று இருந்த ஒரே வழி, வீட்டுக்காரியான நான் எழுதித் தரும் கடிதம்.

"கன்னி, மூணு வரி போதும். இந்த வீட்டுல பதினோரு வருஷமா குடியிருக்கான்னு எழுதிக் குடு."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணியிடம் சொன்னேன். மாடியில் இருப்பவளுக்குக் காகிதம் எழுதிக் கொடுத்தால் நாளைக்குக் காலி செய்வாளா என்று கேட்டார். பழியை அவர் தலையில் போட மாட்டேன். எனக்கும் அந்தப் பயம்தான். ஓலைக் குடிசையில் பிறந்து நாற்பது வயதில் கட்டிய வீடு. மறுநாள் கலைவாணி திரும்பக் கேட்டபோது, "திங்கக்கிழமை எழுதித் தரேன்" என்றேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"சரி" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். திங்கட்கிழமை அவள் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் காய்ச்சலென்றால் எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு இறங்கி வருவாள். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அடுத்த வருடம் மெட்டிக் பாடம் வந்தபோது, எழுதிக்கொண்டிருந்த சாக்பீசை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரி, போர், வாக்கு, வீடு எல்லாம் சொன்னாள். முன்னால் நிற்கும் உள்ளூர்க் குடிமகனை மட்டும் சொல்லவில்லை. அதன்பிறகு எந்த வருடமும் சொல்லவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேனே, அதற்காக. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

போன மாதம் காலையில் படி இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறந்த அதே ஆஸ்பத்திரியில் உயிர் போனது. அவள் தம்பி கமலக்கண்ணன் உடலை வானூருக்குக் கொண்டுபோனான். நாங்களும் போயிருந்தோம். அங்கே கூடியிருந்தவர்கள் அவளை 'பாண்டிச்சேரிக்காரி' என்றார்கள். அவள் உயிரோடிருந்து அதைக் கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்!

மறுநாள் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கக் கடைக்குப் போனேன். கமலக்கண்ணன் கொடுத்தனுப்பிய தாளைப் பார்த்த கடைக்காரர், ஊர் வானூர் என்றே போட்டுவிடலாமா என்று கேட்டார். தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். புதுச்சேரியைச் சேர்ந்த கலைவாணி. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் பதினேழு வருடமாகக் குடியிருந்தவர். எனக்கு நன்றாகத் தெரிந்தவர்.

கீழே யார் பெயர் என்றார்.

"கன்னியம்மாள், வீட்டு உரிமையாளர்."

அஞ்சலி பேனரில் அப்படிப் போடுகிற வழக்கமில்லை, சிநேகிதி என்று போடலாமே என்றார்.

"வேணாங்க. அவ கேட்டது வீட்டுக்காரி கையெழுத்துதான்."

தெருமுனையில் கட்டியிருக்கிறோம். மழையில் ஒரு ஓரம் அவிழ்ந்து தொங்குகிறது. கேட்ட மூன்று வரியையும் எழுதிவிட்டேன், எந்த அலுவலகமும் இனி அதை வாங்கிக்கொள்ளாது.