ராவுத்தர் லாரியின் இரண்டு சத்தங்கள்

சேலத்துக்கு வந்த முதல் வாரத்தில், நான் வேலைக்குச் சேர்ந்திருந்த மோட்டார்ப் பட்டறையின் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அச்சு கிறீச்சிட்டதால்தான் நிறுத்தியிருக்கிறார் என்று எண்ணி, வண்டிக்காரரிடம், "வண்டிச் சத்தம் என்ன மாதிரி?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க போகோணுமுங்க? ஆத்தூருக்கா, ராசிபுரத்துக்கா?" என்றார். "நான் ஒரு இடமும் போகேல்லை. சத்தத்தைத்தான் கேக்கிறன்" என்றேன். "போற எடத்தச் சொல்லாம எப்படீங்க சத்தஞ் சொல்றது?" என்று அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டிச் சத்தம் என்றால் இங்கே வண்டிக்கு வாடகை என்று பட்டறையில் இருந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். சொல்லிவிட்டு மத்தியானம் வரைக்கும் சிரித்தார்கள்.

என் ஊரான சாவகச்சேரியிலிருந்து இதை வாசிக்கிறவர்களும், மலாயாவிலும் ரங்கூனிலும் இருந்து வாசிக்கிற நம்மவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலாயாவுக்கும் ரங்கூனுக்கும் போன நீங்கள் மொழி தெரியாத ஊருக்குப் போனீர்கள். ஆகையால் எச்சரிக்கையாகப் பேசுகிறீர்கள். நானோ தமிழ் பேசும் ஊருக்கு வந்தேன். கொழும்பு மருதானையில் நான் ஏழு வருடம் வேலை பார்த்த பட்டறையை அதன் முதலாளி விற்றபோது, சேலத்தில் மோட்டார் வேலை தெரிந்த ஆட்கள் போதாது என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினேன். பேச்சுக்குப் பயமில்லை என்ற தைரியம் இருந்தது. அந்தத் தைரியம்தான் என்னைப் பல இடங்களில் மாட்டிவிட்டது. எங்கள் ஊரில் 'வடிவாய்' என்றால் நன்றாய், கவனமாய் என்று அர்த்தம். இங்கே வடிவு என்றால் அழகு மட்டுமே. அது ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பட்டறைக்கு எதிர்த் தெருவில் காதர் ராவுத்தர் என்று ஒரு நூல் வியாபாரி இருந்தார். ராசிபுரத்து நெசவாளர்களுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வருவது அவர் தொழில். அதற்காக நாகப்பட்டினத்தில் ஒரு பழைய சின்ன லாரி வாங்கியிருந்தார். முன்னால் ஓட்டுகிறவரோடு இன்னொருவர் உட்காரலாம், பின்னால் மரப்பெட்டி. இன்ஜினைக் கிளப்பியதும் அது கத்துகிற கத்தலில் தெருவே காதைப் பொத்தும். டிரைவர் செங்கோடன், திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், தினமும் காலையில் விசிறி பெல்ட்டுக்குச் சோப்பு, எங்கள் ஊர்ச் சவுக்காரம், தேய்ப்பார். சவுக்காரம் காயும் வரைக்கும் அமைதி. அதற்குப் பிறகு பழையபடி கத்தல். ஒரே வருடத்தில் மூன்று பெல்ட்டுகள் மாற்றியாகிவிட்டது.

ராவுத்தரின் மூத்த மகன் ஜமாலுக்கு நாமக்கல்லில் பெண் பார்த்திருந்தார்கள். நிக்காஹுக்கு நான்கு நாட்கள் இருந்தபோது ராவுத்தர் பட்டறைக்கு வந்தார். "மேஸ்திரி, சீர்வரிசையும் பொண்டுகளும் இந்த வண்டியிலதான் போகோணும். சம்பந்தி ஊட்டு வாசல்ல போயி இது கத்துச்சுன்னா, மாப்பிள்ள வந்தாரா, ஆட்டுக்குட்டி வந்துச்சான்னு கேப்பாங்கய்யா. எப்படியாவது வாயை மூடிக் குடு" என்றார். பெல்ட்டை மாற்றுவதாக இருந்தால் நாலாவது பெல்ட்டும் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மூன்று பெல்ட்டுகளும் ஒரே மாதிரி கத்தினால் குற்றம் பெல்ட்டில் இல்லை.

இன்ஜினை ஓடவிட்டு, ஓடுகிற பெல்ட்டின் மேல் ஒரு செம்பிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் தண்ணீர் பட்டதும் இன்னும் பலமாகக் கத்தும். இது சட்டென்று அடங்கியது. ஈரம் காய்ந்ததும் மறுபடி தொடங்கியது. அப்படியானால் பெல்ட் வழுக்கவில்லை, கோணலாக ஓடி உரசுகிறது. "ஒரு நூல் தாருங்கோ" என்றேன். செங்கோடன் வண்டியில் இருந்த நூல் கட்டிலிருந்து ஒரு முழம் அறுத்துத் தந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, விசிறிச் சக்கரத்தின் முகத்திலிருந்து டைனமோச் சக்கரத்தின் முகத்துக்கு இழுத்தோம். டைனமோச் சக்கரம் ஒரு வெள்ளி ரூபாயின் கனம் அளவுக்கு உள்ளே தள்ளி நின்றது. யாரோ எப்போதோ டைனமோவைக் கழற்றி மாட்டியபோது, வாஷர்களைத் தவறான பக்கத்தில் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான் சங்கதி. வாஷர்களை மாற்றிப் போட்டுக் கிளப்பியதும், இன்ஜினின் மெல்லிய துடிப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. செங்கோடன் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது ஓடுதுங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் கடல் தாண்டி வந்தது தகும் என்று அன்றைக்குத் தோன்றியது.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வண்டியில் தட்டுகளும் அண்டாக்களும் ஏற்றியாகிவிட்டது. பின்னால் எட்டுப் பத்துப் பெண்கள். மாப்பிள்ளை ஜமால் டிரைவர் பக்கத்தில், மாலையோடு. செங்கோடன் ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். இன்ஜின் பிடித்தது. ஒரு கத்தலும் இல்லை. தெருவில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ராவுத்தர் என் தோளைத் தட்டினார். செங்கோடன் சந்திலிருந்து வெளியே வர ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தார்.

'டொக்.'

பிறகு வலது பக்கம் ஒடித்தார். மறுபடி 'டொக்.' சின்னச் சத்தம்தான். சுவரில் விரலை மடக்கித் தட்டியதுபோல. ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

மருதானைப் பட்டறையில் எங்களுடைய பாதி வேலை துருவோடுதான். கடற்காற்று இரும்பைத் தின்னும். மேலே பெயின்ட் பளபளக்கும். உள்ளே போல்ட் ஈர்க்குச்சியாய் இருக்கும். கடற்கரை ஓரமாகவே ஓடிய ஒரு வேன் எங்களிடம் வந்தது. ஸ்டியரிங் பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகள் அரித்துப்போய், திருப்பும்போதெல்லாம் பெட்டி அசைந்து தட்டியது. நாளைக்குப் பார்க்கலாம் என்று கொண்டுபோனார்கள். அந்த நாளை வருமுன்னே வேன் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் நின்றது. டிரைவருக்கு இரண்டு கால்களும் முறிந்தன. சேலத்தில் யாரும் துருவைப் பற்றி நினைப்பதில்லை. காய்ந்த பூமி, செம்மண் புழுதி படியுமே தவிர, மழையில் கிடந்த கலப்பைக் கொழுகூடத் தேய்த்தால் மின்னும். ஆனால் இந்த லாரி நாகப்பட்டினத்து லாரி. முதல் நாளே எனக்குத் தெரிந்த விஷயம்தான். பெல்ட்டின் கத்தலில் இந்த 'டொக்' இத்தனை நாளும் அமுங்கிக் கிடந்திருக்கிறது. கத்தலை நிறுத்திய அன்றைக்கும் நான் இன்ஜினை நின்ற இடத்தில் ஓடவிட்டேனே தவிர, ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். "நிப்பாட்டுங்கோ! இன்ஜினை நிப்பாட்டுங்கோ!" செங்கோடன் நிறுத்தினார். "அந்தச் சத்தம் என்ன?" என்று கேட்டேன். "அதுங்களா? நான் வண்டியத் தொட்ட நாள்லேருந்து இருக்குதுங்க. அது பாட்டுக்குக் கெடக்குமுங்க" என்றார். ராவுத்தர் வேகமாக வந்தார். "என்னய்யா ஆச்சு?"

"இதை வடிவாப் பாக்க வேணும். வடிவாப் பாக்காமல் வண்டி போகக் கூடாது" என்றேன்.

"வடிவு எதுக்குய்யா வண்டிக்கு? மாப்பிள்ள வடிவா இருந்தாப் போதும்!" என்றார் ராவுத்தர். தெருவே சிரித்தது. வண்டிக்குள் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜமால் வெட்கப்பட்டு மாலையைச் சரிசெய்தான். எனக்குப் பதற்றத்தில் இந்த ஊர்ப் பேச்சு ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. என் ஊர்ப் பேச்சில் விளக்க விளக்க அவர்களுக்குச் சிரிப்புத்தான் கூடியது. செங்கோடன் மறுபடி ஹேண்டிலை எடுத்தார். பேட்டரி எப்போதோ செத்துப்போன அந்த வண்டி, ஹேண்டில் சுற்றாமல் கிளம்பாது. நான் ஹேண்டிலை அவர் கையிலிருந்து பிடுங்கி, எதிரே இருந்த வாசற்படியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

சிரிப்பு நின்றது. ராவுத்தர் முகம் சிவந்தது. "நல்ல காரியத்துக்குக் கெளம்புற நேரத்துல என்னய்யா இது? எந்திரி! மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் நிக்காஹ். நேரம் தப்புனா சம்பந்தி ஊட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? வெளியூர்க்காரன்னு பாக்கறேன், இல்லேன்னா..."

"ஏங்க, சத்தம் போடாதீங்க." பேசியது அவர் மனைவி அமீதா பீவி. வண்டியின் பின்னாலிருந்து இறங்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "நீங்க பேசறது எனக்குப் புரியலைங்க. காட்டுங்க. என்னன்னு கண்ணுல காட்டுங்க."

பானெட்டைத் திறந்தேன். ஸ்டியரிங் பெட்டி சட்டத்தோடு சேரும் இடத்தைக் காட்டி, அங்கே விரல்களை வைக்கச் சொன்னேன். பட்டுச்சேலையின் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, வளையல்களை முழங்கை வரை தள்ளிவிட்டு, அந்த அம்மா எண்ணெய்ப் பிசுக்கில் கையை வைத்தார். செங்கோடனை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னேன். இடது பக்கம். 'டொக்.' வலது பக்கம். 'டொக்.'

அவர் கையை எடுக்கவில்லை. "இன்னொருக்கா திருப்புங்க செங்கோடா" என்றார். திருப்பினார். அமீதா பீவி நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "பல்லு ஆடற மாதிரி ஆடுதுங்க. இதுல எம் புள்ளைய நான் ஏத்தி அனுப்ப மாட்டேன். நிக்காஹு ஒரு மணி நேரம் பொறுக்கும். சம்பந்திக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

ராவுத்தர் தானும் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து, பெண்களை இறங்கச் சொல்லிக் கைகாட்டினார். பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். மூன்று போல்ட்டுகளில் ஒன்று முன்பே உடைந்து பாதி துவாரத்துக்குள் இருந்தது. இரண்டாவது, ஸ்பானரைப் போட்டதும் கையோடு வந்துவிட்டது. மூன்றாவது மட்டும்தான் இத்தனை நாளும் எல்லோரையும் சுமந்திருக்கிறது. அதன் உடம்பு என் சுண்டுவிரலில் பாதி. செங்கோடன் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "இதை நம்பியாங்க நான் தெனமும் போயிட்டு வந்தேன்?" என்றார். பிறகு செவ்வாய்ப்பேட்டைக் கொல்லுப் பட்டறைக்குச் சைக்கிளில் பறந்தார். அவர் புது போல்ட்டுகளோடு வருவதற்குள், உடைந்த துண்டைத் துளைத்து எடுத்து முடித்தேன். மாப்பிள்ளை ஜமால் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு விளக்குப் பிடித்தான். என் வெள்ளை வேட்டியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

பத்தரைக்குக் கிளம்பினோம். என்னைப் பின்னால் அண்டாக்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். மல்லூரைத் தாண்டி, ஓர் ஏரிக்கரை ஓரமாகச் சாலை வளையும் இடத்தில், சந்தைக்குப் போகிற பெரிய மேச்சேரி ஆட்டு மந்தை ஒன்று திடீரென்று கரையேறிச் சாலைக்கு வந்தது. செங்கோடன் ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடித்தார். வண்டி சரிவின் ஓரத்துப் புல்லை உரசிக்கொண்டு, கீழே தண்ணீர் தெரிய, வளைந்து, மறுபடி சாலைக்கு ஏறியது. அண்டாக்கள் உருண்டன. பெண்கள் அலறினார்கள். நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். 'டொக்' கேட்கவில்லை.

செங்கோடன் வண்டியை நிறுத்தி இறங்கி, பின்பக்கம் வந்தார். என்னைப் பார்த்து, "சாமி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இங்கே பெரியவர்களையும் குழந்தைகளையும் ஒன்றுபோலச் சாமி என்று கூப்பிடுகிறார்கள். நான் இரண்டில் எது என்று கேட்கவில்லை.

நாமக்கல்லில் எங்களுக்கு முன்பாகவே பஸ்ஸில் போய்ச் சேர்ந்திருந்த உறவினர்கள் வாசலில் காத்திருந்தார்கள். பாறைக்கோட்டை நிழல் விழுகிற தெருவில் வண்டி பூனைபோலப் போய் நின்றது. அமீதா பீவி முதலில் இறங்கி, கறுத்த தன் உள்ளங்கையைச் சம்பந்தியம்மாவிடம் விரித்துக் காட்டி, தாமதத்தின் காரணத்தைச் சொன்னார். அந்த அம்மா அந்தக் கையை அப்படியே பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நிக்காஹ் நன்றாக நடந்தது. சாப்பாட்டில் ராவுத்தர் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, "இவரு வேட்டியப் பாருங்க, எவ்வளவு வடிவா இருக்குது!" என்று எல்லோரிடமும் சொன்னார். அந்தச் சொல்லை அவர் வேண்டுமென்றேதான் சொன்னார். நான் மறுபடி சிரிப்புக்கு ஆளானேன். ஆனால் இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்கு அடுத்த வருடம், முதல் முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அக்காவுக்கு ராசிபுரத்து நெய் ஒரு தூக்கு. தனுஷ்கோடியில் கப்பலேறும்போது டிக்கெட் பார்க்கிறவர், "ஊருக்கா?" என்று கேட்டார். "ஊருக்குத்தான்" என்றேன். ஒரு மாதம் கழித்து, சேலத்துக்குத் திரும்பத் தலைமன்னாரில் கப்பலேறினேன். கையில் அமீதா பீவிக்கு அக்கா கொடுத்த பனங்கட்டிக் குட்டான், சின்ன ஓலைப்பெட்டி நிறையப் பனைவெல்லம். பக்கத்தில் உட்கார்ந்த மன்னார்க் கிழவர் குட்டானைப் பார்த்துவிட்டு, "ஊருக்கோ தம்பி?" என்றார். "ஊருக்குத்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எழுந்து போய்த் தளத்தின் கம்பியைப் பிடித்து நின்றேன். பின்னால் ஒரு கரை மறைந்துகொண்டிருந்தது. முன்னால் இன்னொன்று இன்னும் தெரியவில்லை. இரண்டு தடவையும் நான் பொய் சொல்லவில்லை.