பிரவுன் இடத்தில் சிவப்பு

வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில், திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் ஆபீசர்ஸ் கிளப்பில் எனக்கு செகண்ட் மார்க்கர் வேலை கிடைத்தது. ஹெட் மார்க்கர் ராயபுரத்து மரியதாஸ். கட்டுமரத்துக் குடும்பத்தில் பிறந்து, அலையில் போனாலே வாந்தி எடுக்கிறார் என்று கரைக்கு அனுப்பப்பட்டவர். அவர் வேலை இழந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. மார்க்கர் செய்யும் வேலை

ஸ்னூக்கர் மேஜையில் மொத்தம் இருபத்திரண்டு பந்து. கியூ என்னும் கோலால் நேரடியாக அடிப்பது வெள்ளையை மட்டும்தான். சிவப்பு பதினைந்து, ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். மற்றவை கலர்: மஞ்சள் இரண்டு, பச்சை மூன்று, பிரவுன் நான்கு, நீலம் ஐந்து, பிங்க் ஆறு, கறுப்பு ஏழு. முதலில் ஒரு சிவப்பை மேஜையோரத்துப் பாக்கெட்டில் போட வேண்டும், பிறகு ஒரு கலர், மறுபடி சிவப்பு. விழுந்த சிவப்பு விழுந்ததுதான். ஆனால் சிவப்பு எல்லாம் தீரும்வரை, விழுகிற கலர் மேஜைக்குத் திரும்பி வரும். அதை எடுத்து அதனதன் ஸ்பாட்டில், துணியில் குறித்த புள்ளியில், வைப்பது மார்க்கர். தப்பான பந்தில் பட்டால் ஃபவுல், எதிராளிக்குக் குறைந்தது நான்கு பாயிண்ட். அதைப் பார்த்துச் சொல்வதும் மார்க்கர்தான்.

காலையில் மேஜைத் துணிக்கு பிரஷ் போட்டு, இஸ்திரி தேய்ப்போம். கடற்காற்றின் ஈரம் ஏறிவிட்டால் பந்து ஓடாது. மரியதாஸ் தேய்த்த துணியில் ஒரு சுருக்கம் பார்த்ததில்லை.

2. முக்கோணத்துக்குள் பிரவுன்

ஒரு மதியம் ஆட்டத்துக்குப் பந்து அடுக்கிக்கொண்டிருந்தார். சிவப்பு அடுக்கும் முக்கோணச் சட்டத்துக்குள் பிரவுனும் கிடந்தது. விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்தேன்.

"அண்ணாத்தே, அது பிரவுன்."

அவர் கை நின்றது. பந்தை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் சேப்பும் எனக்கு ஒண்ணாத்தான் கீது, கோயிந்தா. நேராப் பார்த்தா நடுவுல ஒரே மங்கலு. கொஞ்ச நாளா இப்டித்தான்."

"கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம் வா. நானும் கூட வரேன்."

"லீவு கேட்டா கிளப் செக்ரட்டரி எதுக்குன்னு கேப்பாரு. மார்க்கருக்குக் கண்ணு போச்சுன்னா வுட்டு வெப்பாரா? வூட்ல பொண்ணுங்க கீதுங்க. வாணாம் நைனா, தானா சரியாப்பூடும்."

சரியாகவில்லை. ஆனால் அவர் சமாளித்தார். எந்தக் கலரை அடிக்கப்போகிறேன் என்று ஆடுகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. 'பிரவுன்' என்ற சத்தம் கேட்டால், விழுந்தது பிரவுன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். மற்றதற்கு நான் பக்கத்தில் நின்று மெல்லச் சொல்வேன். ஆஸ்பத்திரி பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். வீட்டில் பெண்பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சினால் சாப்பிடுவார். இல்லாவிட்டால் டீயும் பீடியும்தான்.

3. மேட்ச்

துறைமுகத்துப் பக்கத்துக் கிளப் ஒன்று எங்களோடு ஆட வந்தது. அறை நிறைய ஆட்கள். என்னை எதிர்ச்சுவரில் ஸ்கோர்போர்டுக்கு நிறுத்திவிட்டார்கள்.

வந்த கிளப்பின் ஆட்டக்காரர் ஒரு சிவப்பை மூலைப் பாக்கெட்டில் போட்டார். அடுத்து பிரவுன் நேர்கோட்டில் நின்றது. எல்லோருக்கும் தெரிகிற அடி என்று வாயைத் திறக்காமல் அடித்தார். பிரவுனும் அதே பாக்கெட்டில் விழுந்தது.

மரியதாஸ் பாக்கெட்டை நோக்கிக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"மார்க்கர்! பிரவுன்!" என்றார் ஆடியவர்.

மரியதாஸ் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். இரண்டு பந்தும் கைக்கு வந்தன. இரண்டையும் பார்த்தார். தலையை நிமிர்த்தி, நான் வழக்கமாக நிற்கும் பக்கம் திரும்பினார். அங்கே வேறு யாரோ நின்றிருந்தார்கள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள், ஒரு பந்தைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, மற்றதைப் பிரவுன் ஸ்பாட்டில் வைத்தார். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில், மிகச் சரியான இடத்தில், சிவப்புப் பந்து.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. அவரும் கொஞ்சம் சிரித்தார்.

4. செக்ரட்டரி

மறுநாள் செக்ரட்டரியிடம் போய் நின்றேன்.

"சார், வைத்தியம் பார்த்துட்டு வரட்டும். அதுவரைக்கும் அவர் வேலையையும் நானே பாக்கறேன்."

"வந்தவங்க முன்னால கிளப் மானமே போச்சு. இனிமே அவன் வர வேண்டாம்."

"கேட்லயாவது போடுங்க சார்."

"கேட்டுக்கும் கண்ணு வேணும்ப்பா."

கதவு திறந்திருந்தது. பக்கத்து அறையில் மரியதாஸ் மேஜைக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் சத்தம் நின்றது. சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டது. துணி முழுவதையும் முடித்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.

"சரியான சாப்பாடு கெடையாது, ஓயாத பீடி. கண் நரம்பு வாடிப்போச்சு, இனி திரும்பாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரையிலயே நிறுத்தியிருக்கலாம். ஏன்யா வரல?"

மரியதாஸ் எழுந்துகொண்டார். வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "நீ அப்பவே சொன்னே, நைனா" என்றார். இல்லை என்று சொல்லலாம் போலிருந்தது.

அவர் மனைவி மீன் கூடை தூக்கினார். பெரிய பெண் பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி வேலைக்குப் போனாள். எனக்கு ஹெட் மார்க்கர் வேலை கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல என் வீட்டு நிலைமையும் இடம் தரவில்லை.

உடம்பில் குறை தெரிந்தால் மறைக்காதீர்கள் என்று இளையவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் செக்ரட்டரி அன்றே அனுப்பியிருப்பார். வேலை போயிருக்கும், கண் பிழைத்திருக்கும். சொல்லாததால் இரண்டும் போயின. ஒன்றாவது மிஞ்சுகிற வழியைப் பாருங்கள். இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.